றீல் வாங்குமுன் நீரைப் பாருங்கள்

வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பொருட்களில் இன்று தூண்டில் தடியும் றீலும் சேர்ந்துவிட்டன. வவுனியா, கிளிநொச்சிக் கடைகளிலும் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கின்றன. மாலை வேளையில் குளக்கட்டில் இளைஞர்கள் தடியோடு நிற்பதைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். வேறு வழியில் போகக்கூடிய நேரமும் பணமும் ஒரு நேரக் கறியாக வீடு திரும்புவது நல்லதே.

ஆனால் இந்தப் பொருள் மலிவானதன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், இறக்குமதியாகும் எந்தப் பொருளையும் வாங்குமுன் இரண்டு தடவை சிந்திக்க வேண்டியுள்ளது. கூலி வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நடுத்தர றீல் பல நாள் உழைப்பாகும். அப்படி வாங்கிய றீல், கடற்கரைக்கென்று செய்யப்பட்டதாக இருந்து குளத்தில் கெண்டை பிடிக்க உதவாமற் போனால், அல்லது குளத்துக்கென்று செய்யப்பட்டதாக இருந்து முல்லைத்தீவு உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் இறுகிப் போனால், நட்டம் அந்தக் குடும்பத்துக்கே. எனவே எந்த றீல் எந்த நீருக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் ஒழுங்காகப் பார்ப்போம்.

ஓர் ஆறு, பல நீர்நிலைகள்

எமது கனகராயன்குளம் ஏ-9 வீதியில், ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அமைந்துள்ளது. இப்பெயரைத் தாங்கிய கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, அதனைக் கடந்து சுண்டிக்குளம் நீரேரியைச் சேர்கிறது. மாங்குளத்தில் கிழக்கே திரும்பும் வீதி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கொண்டு செல்கிறது. ஆகவே இங்கு வாழும் ஒருவர் ஒரே நாளில் குளம், ஆறு, நீரேரி, கடல் ஆகிய நான்கிலும் தூண்டில் போட முடியும். இந்த வசதியே குழப்பத்துக்கும் காரணம். நான்குக்கும் பொருந்தும் ஒரே றீல் இல்லை. "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று கடைக்காரர் சொன்னால், எதற்கும் முழுமையாகச் சரிவராது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

நூற்பாலையில் பிறந்த கருவி

முன்னைய றீல்களில் நூல் சுற்றிய கட்டை, தூண்டிலை எறியும்போது தானும் சுழன்றது. பாரமான தூண்டிலுக்கு அது போதும். பாரமற்ற சிறு தூண்டிலால் கட்டையைச் சுழற்ற முடியாது. சுழன்றாலும் கட்டை நூலை முந்திச் சுழன்று சிக்காகிவிடும். இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் கம்பளி நெசவுத் தொழிலில் ஈடுபட்ட அல்பிரட் ஹோல்டன் இல்லிங்வேர்த் என்பவர் இதற்கொரு வழி கண்டார். ஆலையில் அசையாமல் நிற்கும் கட்டையின் நுனியால் நூல் வளையம் வளையமாகக் கழன்று வருவதைப் போல, தூண்டில் நூலும் கழன்று வரலாம் அல்லவா? 1905 ஆம் ஆண்டு அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஸ்பின்னிங் றீல் என்று அழைப்பது அந்த வழியில் வந்ததே.

இதன் இயக்கம் எளிது. எறியும்போது கட்டை அசைவதில்லை. நூல் அதன் விளிம்பால் உதிர்ந்து செல்கிறது. அதனால் ஒரு மண்புழுவும் ஒரு சிறு ஈயக்குண்டும் மட்டும் உள்ள தூண்டிலைக்கூடத் தூரம் எறியலாம். இழுக்கும்போது கைபிடியைச் சுற்றினால், வளைந்த கம்பி ஒன்று கட்டையைச் சுற்றி ஓடி நூலைச் சுற்றுகிறது. புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட இலகுவான றீல் இல்லை.

இதற்கு ஒரு குறையும் உண்டு. நூல் முறுக்கேறும். மீன் பலமாக இழுத்து நூல் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் கைபிடியைச் சுற்றுபவர்கள் பலர். மீன் ஓர் அங்குலமும் கிட்ட வராது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஐந்தாறு முறுக்கு ஏறும். அடுத்த எறிதலில் நூல் குருவிக்கூடாகும். மீன் ஓடும்போது சுற்றாதீர்கள். தடியை உயர்த்திப் பிடித்து நில்லுங்கள். அது களைத்ததும் தடியால் மெதுவாக இழுத்து, தடியைத் தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

றீலில் எழுதியிருப்பதை வாசித்தல்

றீலின் பக்கத்தில் 1000, 2500, 4000, 8000 என்று ஓர் இலக்கம் இருக்கும். இது அளவைக் குறிக்கும், தரத்தைக் குறிக்காது. இலக்கம் கூடக் கூட றீல் பெரிதாகும், நூல் கூடுதலாகப் பிடிக்கும், பாரமும் கூடும். கம்பனிக்குக் கம்பனி இந்த அளவு சற்று வேறுபடும். ஆகவே நூல்கட்டையில் எழுதியிருக்கும் மற்றைய இலக்கத்தையும் பாருங்கள். 0.30 – 150 என்று இருந்தால், 0.30 மில்லிமீற்றர் தடிப்பான நூல் 150 மீற்றர் பிடிக்கும் என்பது பொருள்.

5.2:1 என்பது போன்ற இலக்கம் பற்சக்கர விகிதம். கைபிடி ஒரு தடவை சுற்றினால் கம்பி ஐந்து தடவைக்கு மேல் சுற்றும். இந்த இலக்கம் 6 ஐத் தாண்டினால் வேகம் கூடும். ஆனால் பாரமான மீனை இழுக்கும்போது கை நோகும். சைக்கிளில் கியர் மாற்றி மேட்டில் ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எமது தேவைக்கு 5 ஐ ஒட்டிய விகிதம் நன்று.

"ஃபாதர், எத்தினை போல் பேரிங் உள்ளதை வாங்கலாம்?" என்பதே இளைஞர்கள் எம்மிடம் முதலில் கேட்கும் கேள்வி. பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதும் அதுதான். மலிவான பதின்மூன்று பேரிங்கைவிட நல்ல நான்கு பேரிங் மேல். கடையிலேயே கைபிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல உணர்ந்தால் வாங்காதீர்கள். கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பின்பக்கம் அதிகம் அசைந்தால் வாங்காதீர்கள். வளைகம்பியைத் திறந்து மூடிப் பாருங்கள். அது உறுதியான சத்தத்தோடு மூட வேண்டும். நூல் வந்து திரும்பும் சிறு உருளை விரலால் தட்டச் சுழல வேண்டும். அது சுழலாவிட்டால் நூலை அறுத்துவிடும்.

எந்த நீருக்கு எது?

1. குளக்கட்டும் அலைகரையும்: திலாப்பியா, கெண்டை, கெளுத்தி ஆகியவற்றுக்கு 1000 முதல் 2500 வரையான றீல் போதும். ஆறு அல்லது ஏழு அடித் தடி, 6 முதல் 8 இறாத்தல் தாங்கும் தங்கூசி நூல், சிறிய தூண்டில் முள், மண்புழு அல்லது பிசைந்த கோதுமை மா. திலாப்பியா பாசியையும் அடிமண்ணில் படிந்த சத்தையும் உண்ணும் மீன். பளபளக்கும் பொய்மீனை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆகவே அதற்கென விலைகூடிய பொய்மீன்கள் வாங்குவது வீண் செலவு. நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று.

2. தாமரையும் புல்லும் நிறைந்த இடங்களில் விரால்: இது வேறு விடயம். விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வரும். தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து பிடிக்கும். தூண்டில் பட்டதும் நேராகக் கொடிக்குள் ஓடும். அங்கு மெல்லிய நூல் உடனே அறுந்துவிடும். 3000 அல்லது 4000 அளவு றீல், விறைப்பான தடி, 30 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் ஆகியன வேண்டும். பின்னல் நூல் அதே பலமுள்ள தங்கூசியைவிட மிக மெல்லியது, நீளாது. ஆனால் கையில் சுற்றி இழுத்தால் தோலை வெட்டும். துணி சுற்றாமல் இழுக்காதீர்கள். புது றீலில் பின்னல் நூல் சுற்றும்போது அடியில் சில மீற்றர் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நூலை முடிந்துகொள்ளுங்கள். இல்லாவிடில் முழு நூலும் கட்டையில் வழுக்கிச் சுழலும்.

3. ஆறும் வாய்க்காலும்: இங்கு றீலே தேவையில்லை. துருசுக்குக் கீழே, மதகடியில், வான் பாய்ந்தபின் தேங்கிய மடுக்களில் ஒரு மூங்கில் தடியும் அதே நீளமான நூலும் ஒரு மிதப்பும் போதும். சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் இதனால் பயன் பெறலாம். காசு செலவாகாத இந்த முறையை நாம் குறைவாக எண்ணக்கூடாது.

4. நீரேரி: நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற இடங்களில் கொடுவா, பாரை ஆகியன கிடைக்கும். 4000 அளவு றீலும் 15 முதல் 20 இறாத்தல் நூலும் பொருந்தும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது. முள்ளுக்கு மேலே இரண்டு அடிக்குத் தடித்த தங்கூசி கட்டுங்கள். உவர் நீர் ஆகையால் துருப்பிடிக்காத பேரிங் உள்ள றீலையே வாங்க வேண்டும். சுண்டிக்குளம் தேசிய பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட எல்லைகளுக்குள் செல்லுமுன் உரிய திணைக்களத்தில் விசாரியுங்கள்.

5. கடற்கரை: அலைக்கு அப்பால் எறிவதற்கு 11 அல்லது 12 அடித் தடியும், 6000 முதல் 8000 வரையான றீலும் வேண்டும். இங்கு நூலின் அளவே முக்கியம். பெரிய பாரை ஒன்று நூறு மீற்றர் நூலைச் சில கணங்களில் இழுத்துச் செல்லும்.

6. வள்ளம்: ஆழத்தில் நேராக இறக்கிக் கலவாய் பிடிப்பதற்கும், ஓடும் வள்ளத்தின் பின்னே இழுத்து அறுக்குளா, சூரை பிடிப்பதற்கும் ஸ்பின்னிங் றீல் முதற் தெரிவு அன்று. எமது கடற்றொழிலாளர் பரம்பரையாகப் பயன்படுத்தும் கைத்தூண்டில் மலிவானது, உறுதியானது. அதை மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தடியைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பின்னிங் றீல் தடிக்குக் கீழே தொங்க வேண்டும். அதிலிருந்து நூல் பெரிய வளையங்களாக வெளிவருவதால், தடியின் முதல் வளையம் அகலமானதாக இருக்க வேண்டும். சிறிய வளையங்கள் உள்ள தடியில் இந்த றீலைப் பூட்டினால் எறியும் தூரம் பாதியாகக் குறையலாம்.

இழுவைத் திருகு

றீலின் முன்பக்கத்தில் உள்ள திருகை அநேகர் இறுக்கி விட்டு மறந்துவிடுகின்றனர். பெரிய மீன்கள் தப்புவதற்கு முதற் காரணம் இதுவே. நூல் அறுவதற்கு முன் அது வழுக்கிக் கொடுக்க வேண்டும். நூல் தாங்கும் பாரத்தின் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை திருகை இறுக்குவது பொது விதி. அளப்பதற்குத் தராசும் தேவையில்லை. 12 இறாத்தல் நூல் என்றால், ஒன்றரைக் கிலோ அரிசியை ஒரு பையில் இட்டு, றீலிலிருந்து வரும் நூலில் நேரே கட்டித் தூக்குங்கள். பை மெதுவாக எழும்பி, சற்று உலுக்கினால் நூல் வழுக்கும் நிலையே சரியான நிலை. 8 இறாத்தல் நூலுக்கு ஒரு கிலோ அரிசி போதும்.

நூலைக் கட்டையின் விளிம்புக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் கீழே வரை நிரப்புங்கள். குறைவாக இருந்தால் தூரம் செல்லாது. விளிம்புவரை நிரப்பினால் சிக்காகும்.

பராமரிப்பு

கடலில் அல்லது நீரேரியில் பயன்படுத்திய அன்றே நன்னீரால் கழுவ வேண்டும். கழுவுமுன் இழுவைத் திருகை இறுக்கிவிடுங்கள். தண்ணீர் உள்ளே போகாது. வாளிக்குள் அமிழ்த்தாமல், மெதுவாக நீர் ஊற்றிக் கழுவுங்கள். பைப்பை வேகமாக அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, பின் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுகிய நிலையில் வைத்தால் உள்ளிருக்கும் வட்டத் தகடுகள் நசுங்கிவிடும். நூல் உருளைக்கும் கைபிடி மூட்டுக்கும் இடைக்கிடை ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது நாளடைவில் பிசினாகும். றீல் விழுந்து மண் பட்டால், துடைக்குமுன் ஒருபோதும் சுற்றிப் பார்க்காதீர்கள்.

றீல் தொழில் ஆகுமா?

இந்தக் கேள்விக்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். றீல் ஒரு வீட்டின் கறிச்சட்டியை நிரப்பும்; மேலதிகமாகக் கிடைத்ததை அயலில் விற்கலாம். ஆனால் கடன் பட்டு றீல் வாங்கி அதனால் குடும்பம் நடத்தலாம் என்று எவராவது எண்ணினால், வேண்டாம் என்றே சொல்வோம். குளத்து மீன்பிடி தொழிலாக நடப்பது வள்ளத்தாலும் செவுள் வலையாலும்தான்.

அந்தத் தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1952 இல் திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்டபின்பே நன்னீர் மீன்பிடி நாட்டில் பெரிதாக வளர்ந்தது. 1990 இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியது. 1994 இல் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் கண்காணிப்புக் குறைந்து, உற்பத்தியும் பெரிதும் வீழ்ந்தது. 1998 இல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. இன்று ரோகு, கட்லா போன்ற மீன்களின் குஞ்சுகளைக் குளங்களில் விடும் பணியில் அச்சபை ஈடுபடுகிறது. அம்மீன்கள் எமது குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை, விட்டால்தான் உண்டு. அவை வளருமுன் பிடித்தால் அந்த முதலீடு அழியும். இதற்காகவே குளங்களில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள் வலைக்குத் தடையுண்டு. தங்கூசி வலை 2006 இலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. இத்தடை வலைக்கே அன்றித் தூண்டில் நூலுக்கு அன்று.

குளத்தில் சங்கமாக இயங்கும் மீன்பிடியாளர்கள் குஞ்சு விடுவதிலும் காவல் காப்பதிலும் பங்கெடுப்பவர்கள். குளக்கட்டில் றீலோடு நிற்பவர் அவர்களது பயிரில் ஒரு பிடி எடுக்கிறார் என்பதை மறக்கலாகாது. புதிய குளம் ஒன்றுக்குச் செல்லும்போது முதலில் அங்குள்ள சங்கத்தாரோடு கதையுங்கள். அவர்களின் வலைக்கு மேலால் தூண்டில் எறியாதீர்கள்.

விராலும் குஞ்சும்

றீல் பரவும்போது நாம் மிகவும் கவலைப்படும் விடயம் ஒன்றுண்டு. மாரி தொடங்கியதும் விரால் கரையோரப் புல்லுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறக் கூட்டமாக நீரின் மேல் குமிழி விட்டுக்கொண்டு திரியும். தாயும் தந்தையும் அவற்றின் கீழேயே காவல் நிற்கும். கூட்டத்தை நெருங்கும் எதையும் பாய்ந்து கடிக்கும். ஆகவே குஞ்சுக் கூட்டத்துக்குள் தூண்டில் எறிந்தால் பெரிய விரால் நிச்சயம் அகப்படும். முன்னர் இதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டியிருந்தது. நல்ல றீல் ஒன்று இருந்தால் இன்று ஒரு சிறுவனாலும் முடியும். அந்த ஒரு மீனோடு காவலற்றுப் போன நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்றைய மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரையாகின்றன. கறிக்கு ஒரு மீன் கிடைத்தது. அடுத்த கோடைக்கான விரால் போயிற்று. குஞ்சோடு திரியும் விராலைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை ஒவ்வொரு குளத்திலும் இளைஞர்களே ஏற்படுத்த வேண்டும். பொலிஸ் வந்து செய்யக்கூடிய காரியம் இதுவன்று.

பாதுகாப்பு

குளங்களில் முதலை உண்டு. பொழுது சாயும் நேரத்தில் முழங்கால் நீரில் நின்று தூண்டில் போடாதீர்கள். நீண்ட காபன் தடி மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பியின் கீழே எறியாதீர்கள். மின்னல் கண்டால் தடியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். போர் நடந்த மண் இது. 2009 க்குப் பின் பெரும்பகுதி துப்புரவு செய்யப்பட்டாலும், எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களுக்குள்ளும் பாவிக்கப்படாத பற்றைக்காட்டு வழிகளாலும் அலைகரைக்கு இறங்காதீர்கள். மண்ணில் உலோகப் பொருள் எதையும் கண்டால் தொடாமல் அறிவியுங்கள். அறுந்த நூலைக் கரையில் விட்டு வராதீர்கள்; மாட்டின் காலையும் பறவையின் சிறகையும் அது சிக்க வைக்கும்.

செய்யக்கூடியவை

கிராமத்து இளைஞர் கழகம் ஒன்று ஒரு 2500 றீலையும் ஒரு 4000 றீலையும் பொதுப் பணத்தில் வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கி மூலையில் போடுவதைவிட இது மேலானது. பெண் பிள்ளைகளும் இம்முறையில் பங்கு கொள்ளட்டும். தடி பிடிக்க ஆண் கை வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. வெளிநாட்டு உறவினர் "என்ன கொண்டு வர?" என்று கேட்டால், "ஒரு றீல்" என்று மட்டும் சொல்லாமல், எந்த நீருக்கு, எந்த அளவு, எத்தனை இறாத்தல் நூல் என்று எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு றீல்தான் வாங்க முடியும் என்றால், எமது பகுதிக் குளங்களுக்கு 2500 அளவே போதுமானது. மிஞ்சும் பணத்தில் நல்ல நூலும் சில முட்களும் வாங்கிக்கொள்ளலாம்.